மைல்கல்லின் மேல் கிடந்த டைல்ஸ்

மலேசியாவில் கிள்ளான் ஆற்றை ஒட்டி ஒரு பழைய சாலை இருக்கிறது. இருபுறமும் பெரிய மழைமரங்கள், ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்து மைல்கல். புதுச் சாலை வந்த பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. புதர் மண்டி, குப்பை கொட்டும் இடமாகிவிட்டது. மரங்களை வெட்டப்போகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. அதைக் காப்பாற்ற ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். கூட்டமெல்லாம் என் வீட்டுச் சமையலறையில்தான். நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதியதும் நான்தான். குப்பை கொட்டுகிறவர்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டுப் பலகை எழுதி நட்டதும் நான்தான்.

அந்தத் தீபாவளிக்கு முன் சமையலறையை இடித்துப் புதுப்பித்தேன். உடைசல்களை ஏற்ற வந்த லோரிக்காரரிடம், "எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அக்கா."

அதற்குமேல் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. வாசல் சுத்தமானால் போதும் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை எல்லோரும் சாலையைத் துப்புரவு செய்யப் போனோம். மைல்கல்லை மூடிக்கொண்டு ஒரு குவியல் கிடந்தது. பச்சை டைல்ஸ், மூலையில் மஞ்சள் பூ. பதினெட்டு வருடம் நான் துடைத்த சுவர்.

"எவன் செஞ்ச வேலைலா இது?" என்று ஒரு பெண் கத்தினார்.

"கேமரா வைக்கணும்" என்றேன் நான். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

எங்களோடு ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தவர். ஒரு துண்டைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். பூவிருந்த பக்கத்தைக் கீழே திருப்பிச் சாக்கில் போட்டார். மற்றவர்களை அருகில் விடாமல் மீதியையும் அவரே அள்ளினார்.

மூன்று நாள் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அது என் வீட்டு..."

"தெரியும்மா. அங்கயே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "சரி லா, விடுங்க" என்றார்கள், என் முகத்தைப் பார்க்காமல். திட்டியிருக்கலாம்.

பிறகு நகராண்மைக் கழகத்தார் லோரிகள் நுழையாதபடி தடுப்பு போட்டார்கள். மரங்களை வெட்ட மாட்டோம் என்றும் கடிதம் வந்தது. சாலையை நடைபாதையாகத் திறந்த நாளில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்றேன்.

இப்போது காலையில் அங்கே நடக்க வருகிறவர்கள் என்னைக் கண்டால் நன்றி சொல்கிறார்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கூட்டிவிடுகிறேன்.