தலைமாட்டுக் குமிழ்

உத்தமபாளையத்தில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு அறையில் தனியாகக் குடியிருந்தேன். முன்கட்டில் ஒரு கடைக்காரரும் அவர் மனைவியும் வாடகைக்கு இருந்தனர். இடையிலிருந்த நடைவழியைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். எனக்கு வழி பக்கத்துச் சந்து. மேடையேறினால் அரங்கையே கட்டிப்போடும் நான், சந்தில் எதிர்ப்படும் அவர்களிடம் வலியச் சென்று ஒரு சொல் பேசியதில்லை. அவர்களே முதலில் பேசட்டும் என்றிருந்தேன். ஆகவே என் குரலைக் கேட்டது சுவர் மட்டுமே.

அந்தச் சுவரில், கட்டிலின் தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் ஒரு கறுப்பு வட்டம். நடுவே வெள்ளைக் குமிழ். அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். விளக்கு எரியவில்லை, விசிறியோ அறையிலேயே இல்லை. வயர் மட்டும் மரச்சட்டத்தில் ஓடி, அடைத்த சுவருக்குள் மறைந்தது. செத்த சுவிட்ச் என்று தீர்ப்பளித்து, அதற்கொரு பதவியும் கொடுத்தேன். சொற்போரில் நேரம் முடிந்ததும் நடுவர் அடிக்கும் மணி அது. மாலைதோறும் சுவரை நோக்கி முழங்கி, கடைசிச் சொல்லோடு அதை அமுக்குவேன். பின்வரும் அமைதியைக் கைதட்டலாக எண்ணிக்கொள்வேன்.

ஒரு மாலை பேச்சின் நடுவே கடைக்காரர் கையில் கம்போடு வந்தார்.

“ஏ தம்பி, தெனமும் சாயங்காலம் எவனோ எங்க பெல்லை அமுக்கிட்டு ஓடுறான். இந்தச் சந்து வழியா எந்தப் பயலாச்சும் போனானா?”

“இல்லை ஐயா” என்றேன். வந்த செவியை விட மனமில்லை. “முடிவுரையை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்” என்று முழங்கி, குமிழை அமுக்கினேன்.

அவர் மனைவி ஓடிவந்தார். “இந்தா, இப்பவும் அடிச்சிட்டு ஓடிட்டான்! நீங்க கம்ப வச்சுக்கிட்டு இங்கன கத கேளுங்க!”

கடைக்காரர் என் விரலைப் பார்த்தார். மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “இன்னொருக்க அமுக்கு” என்றார்.

“அடிக்குது!” என்ற கூச்சல் சந்து வழியே வந்தது.

சிரித்துக்கொண்டே திரும்பி வந்த அந்த அம்மாள், கட்டிலைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்காரரோட அப்பா நடமாட முடியாம இந்த ரூம்லதான் கெடந்தாகளாம். தெருவுல சொன்னாக. தண்ணி வேணும்னா அமுக்குவாகளாம். தம்பி, ஒனக்கும் எதுனா வேணும்னா அமுக்கு, வாரேன்.”

அதன்பின் என் ஒத்திகைக்கு மணி இல்லை. வேண்டும் என்று சொல்ல என்னிடம் எதுவும் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மதுரையில் ஒரு சொற்போரில் முதற்பரிசு பெற்றுத் திரும்பிய மாலை, கோப்பையைக் கட்டிலின்மேல் வைத்தேன். யாராவது பார்க்கவேண்டும் போலிருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு, குமிழை அமுக்கினேன். சந்தில் காலடி கேட்டதும், அழைத்துவைத்துக் காட்டுவது பாராட்டுக்குக் கையேந்துவதாகப் பட்டது. கோப்பையைத் துண்டால் மூடினேன்.

அந்த அம்மாள் செம்போடு வாசலில் நின்றார். “என்ன தம்பி, தண்ணியா?”

“ஆமாம்” என்றேன்.