டி டிரைவை நம்பிய காலம்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். என் லேப்டாப்புக்கு உள்ளே போடுகிற ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டியிருந்தது. கடைப் பெண் இரண்டு சின்னப் பெட்டிகளை மேசையில் வைத்து, "பெருசு போட்டுரலாங்களா சார், சின்னதே போதுங்களா?" என்றாள். சட்டைக்கு அளவு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஒரு நிமிஷம் இரும்மா என்று வெளியே வந்து டீ குடித்தேன். நாற்பதைத் தாண்டியவன் ஒரு டப்பாவைப் பார்த்துப் பயப்படுவதா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

திரும்பப் போனதும் அவள் ஒரு பெட்டியைப் பிரித்தாள். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனைதான் என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போனது. மலை மேலே, செம்மேடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் கடை போட்ட புதிது. ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் எழுதியிருப்பேன். கடைக்குள் எப்போதும் ஜெராக்ஸ் மை வாசனை. பலாப்பழ சீசனில் மட்டும் அது தோற்றுப்போகும், ஏனென்றால் தேவனூர் நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் மூட்டையை என் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். காகிதங்களையும் அப்படித்தான் விட்டுப் போனார்கள். "ஊட்டுல வெச்சா எலி கடிச்சிருதுங்க, நீங்களே ஏத்தி வெச்சுக்கங்க" என்பார்கள். நானும் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு லேப்டாப்பில் வைத்துக்கொள்வேன்.

எனக்கு விவரம் அதிகம் என்று எனக்கு ஒரு நினைப்பு. சி டிரைவில் இருப்பது என்றைக்காவது போய்விடும், டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் சி-யிலிருந்து டி-க்கு இன்னொரு காப்பி போட்டுவிட்டுத்தான் கடையைச் சாத்துவேன். இதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிச் சொல்லி, மலையில் பாதிப் பேருக்கு டி என்றால் என் கடை என்று ஆகிவிட்டது.

ஒரு சந்தை நாளில் பாப்பாத்தி அக்காவும் அவர் வீட்டுக்காரர் செல்லமுத்து அண்ணனும் வந்தார்கள். மகள் பூங்கொடியின் சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் மலைக்காரர்களுக்கு அது லேசில் கைக்கு வருகிற காகிதம் இல்லை. அதற்காக அண்ணன் எத்தனையோ தடவை மலை இறங்கி ஏறியிருந்தார். ஏதோ விண்ணப்பத்துக்கு வேண்டுமென்று அவரையும் நீலத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தேன். "சிரிக்காதீங்கண்ணா" என்றேன். "நானெங்க சிரிக்கிறேன், பல்லு தானா வெளிய வருதுங்க தம்பி" என்றார்.

அந்த வருஷ மழையில் அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் போய்க் காகிதமெல்லாம் களியாகிவிட்டது. பூங்கொடிக்கு நர்சிங் இடம் கிடைத்திருந்த நேரம். பழைய சான்றிதழின் நகலையாவது நான்கு நாளுக்குள் காட்டினால், அசலுக்கு அவகாசம் தருவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அக்கா பதறவே இல்லை. "அதான் உங்க டி-யில இருக்குதுங்களே தம்பி, ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றார்.

லேப்டாப்பை ஆன் செய்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. "கரண்டு சரியில்லீங்கக்கா, நாளைக்கு வாங்க" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கினேன். எழுபது வளைவிலும் வேண்டாத சாமி இல்லை.

நாமக்கல்லில் ரிப்பேர் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார். "ஆஃப் பண்ணாம, மூடிய மட்டும் சாத்திப் பஸ்ல கொண்டுட்டுப் போவீங்களா?"

"ஆமாங்க. ஆன் ஆக ரொம்ப நேரம் ஆவுதுங்க."

"உள்ள தகடு சுத்திக்கிட்டே இருக்குமுங்க. அத்தன வளைவுல குலுக்கினா எப்படித் தாங்கும்?"

"சி போனாப் போவட்டுங்க. எல்லாம் டி-யில இருக்குது" என்றேன் தைரியமாக.

அவர் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி ஒன்றை வெளியே எடுத்தார். "சி-யும் இதுதான், டி-யும் இதுதானுங்க. ஒரே ஊட்டுல ரெண்டு ரூமு."

உட்கார ஸ்டூல் தேடினேன்.

அவர் இரண்டு புது டிஸ்க்குகளை எடுத்து வைத்தார். பெரியது, பழசு மாதிரியே தகடு சுற்றுவது, எல்லாம் கொள்ளும். சின்னதில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, மலைப் பயணத்துக்கு ஏற்றது, ஆனால் கால்வாசிதான் கொள்ளும். பயத்தில் சின்னதைத் தொட்டேன். "எதா இருந்தாலும் வேணுங்கறத மொதல்ல எடுங்க. பழசு எப்ப நிக்குமுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார்.

மூன்றாவது முயற்சியில் பழைய டிஸ்க் திறந்தது. பாப்பாத்தி என்று தேடினால் பாப்பாத்தி, பாப்பாத்தி 2, பாப்பாத்தி புதுசு என்று வரிசையாக நிற்கிறது. எங்கள் மலையில் பாப்பாத்திகளுக்குப் பஞ்சமில்லை, எனக்கோ ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதச் சோம்பல். ஒவ்வொன்றாகத் திறந்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். ஏழாவதில் சான்றிதழ் இருந்தது. அதைப் புது டிஸ்க்குக்கு மாற்றி முடித்தபோது அழுதே விட்டேன்.

அடுத்து நான் செய்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சான்றிதழுக்குக் கீழேயே செல்லமுத்து அண்ணன் படம் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் என் சொந்த ஃபோல்டருக்குப் போனேன். ஆகாய கங்கை அருவிக்கு முன்னால் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நான் எடுத்துக்கொண்ட படங்கள், மொத்தம் நாற்பது. அவற்றைத்தான் முதலில் மாற்றினேன். கடைசிப் படம் வந்து சேர்ந்ததும் டக் சத்தம் நின்றது. அந்த டிஸ்க் பிறகு திறக்கவே இல்லை. கேமரா கார்டையும் எப்போதோ அழித்திருந்தேன்.

பூங்கொடி படித்து நர்ஸ் ஆகிவிட்டாள். டி போய்விட்டது என்று மலையில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. பழைய காகிதம் கேட்டு வந்தவர்களைத் தேடித் தருகிறேன் என்று இழுத்தடித்து, புதிதாக வாங்க வழி செய்து கொடுத்துச் சமாளித்தேன். நாளடைவில் எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது, கேட்க ஆளில்லை.

சில வருஷங்களுக்கு முன் மிளகு பறிக்க மரம் ஏறிய செல்லமுத்து அண்ணன் விழுந்து இறந்துபோனார். மூன்றாம் நாள் பாப்பாத்தி அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, அன்னைக்கு அவர ஒரு படம் எடுத்தீங்களே, டி-யில இருக்குமில்லீங்க, அதப் பெருசாப் போட்டுக் குடுங்க. செல்லுல ஒண்ணுமே தெளிவா இல்லீங்க. ஆதார்ல இருக்கறது அவராட்டமே இல்லை."

இந்தத் தடவை பொய் வரவில்லை. "அது போயிருச்சுங்கக்கா. எல்லாமே அப்பவே போயிருச்சு" என்றேன். அருவிப் படங்களைப் பற்றிச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

அக்கா என் லேப்டாப்பை ஒரு தரம் பார்த்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

"சரீங்க தம்பி. இதையே போட்டுக் குடுங்க."

பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பூங்கொடி விடுமுறைக்கு வந்தால் தன் குழந்தையை அந்தத் தாத்தா படத்துக்கு முன்னால் நிறுத்தி, "அப்புச்சியக் கும்பிடு சாமி" என்கிறாள். குழந்தையும் கும்பிடுகிறது. அது அதன் அப்புச்சியின் முகமே இல்லை என்று தெரிந்தவர்கள் மலையில் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறோம்.