வலைக் கயிற்றில் எங்களுக்கும் இடம்

சுனாமி வந்து போய் ஒரு வருஷம் கழித்து, தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாண்டிச்சேரிக்கு வடக்கே, பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், கடலை ஒட்டின சவுக்குத் தோப்பில் நானும் என் நண்பனும் உட்கார்ந்திருந்தோம். நண்பன் என்று சொல்லித்தான் பழக்கம். நாங்கள் இரண்டு ஆண்கள், ஒருவரையொருவர் காதலித்தோம். நான் அப்போது பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் இருந்தேன். அவன் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். ஞாயிறானால் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவோம்.

சவுக்கில் காற்று புகுந்தால் தூரத்தில் மழை பெய்வது மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் அவன் அரைத்தூக்கத்தில் இருந்தான். அவன் கை என் கைக்குள் இருந்தது. அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

எந்த ஊர்ப் பையன்களோ தெரியாது, ஐந்தாறு பேர். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. முதல் அடி என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி ஆகிவிட்டது. வாய்கள் அசைந்தன, சத்தம் மட்டும் எங்கிருந்தோ மெதுவாக வந்தது. ஒருவன் கட்டையால் அவன் நெற்றியில் அடித்தான். அவன் போட்டிருந்த கண்ணாடி தெறித்து மணலில் போனது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் முகம்கூட அவனுக்குத் தெரியாது. அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டுப் பக்கம் அவர்கள் மறித்து நின்றதால் தண்ணீர் ஓரமாகவே ஓடினோம். போலீஸ் என்கிற நினைப்பே வரவில்லை. அன்றைய சட்டப்படி குற்றவாளிகள் நாங்கள்தான்.

கொஞ்ச தூரத்தில் மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள்ளிருந்து வரும் நீளமான கயிற்றைப் பிடித்தபடி, வரிசையாக, ஒரே தாளத்தில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு நரைத்த மீசைக்காரர் எங்களைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார், பின்னால் ஓடி வருகிறவர்களையும் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, "கயித்தப் புடிங்க" என்றார்.

பிடித்தோம்.

வந்தவர்கள் எங்களை வெளியே அனுப்பச் சொன்னார்கள். தோப்பில் பார்த்ததைச் சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களைச் சொல்லும் அந்தக் கெட்ட வார்த்தையையும் சத்தமாகச் சொன்னார்கள். கயிறு ஒரு கணம் நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மணலில் துப்பிவிட்டு, கயிற்றை விட்டுப் போய்விட்டார். இனி எல்லோருமே அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் கடல். அவன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

மீசைக்காரர் குரலை உயர்த்தவில்லை. "கயித்துல கை வச்சவன் எங்க ஆளு. வலை உள்ள கெடக்குது. வேலையக் கெடுக்காம போங்கடா."

முன்னால் யாரோ பாட்டெடுத்தார்கள். கயிறு மறுபடி நகர்ந்தது. பையன்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று தெரியாது. கடல் எங்களை இழுக்கும், நாங்கள் கடலை இழுப்போம். வெயில் மஞ்சளாகி, தோப்பின் நிழல் மெல்ல நீண்டு எங்கள் காலுக்கு வந்தது. உள்ளங்கை எரிந்தது. ஆனால் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனுக்கு அன்று எதுவுமே சரியாகத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதில் அசைகிற நிழல்கள், அவ்வளவுதான் ஞாபகம் என்பான். எங்களைக் காப்பாற்றியவர் முகம் அவனுக்கு இன்றுவரை தெரியாது.

வலை கரையேறியது. மீன் எடுக்க வந்திருந்த ஒரு அம்மா துணியைக் கிழித்து அவன் நெற்றியை இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரியில் கேட்டால் படகிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். மீசைக்காரர் ஒரு பையில் நெத்திலி அள்ளிப் போட்டு நீட்டினார், இழுத்த எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அவங்க சொன்னது பொய் இல்ல" என்றேன்.

"தெரியும் தம்பி. மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ."

தையல் போட்டார்கள். வீட்டில் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னோம். என் இடது காது இன்றும் பாதிதான் கேட்கும். பயத்தில் அந்தக் கரைக்கு நாங்கள் மறுபடி போகவே இல்லை. அவருக்கு நன்றி சொல்லக்கூட. இப்போது டவுனில் ஒரே வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்காரருக்கு நாங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். துப்பிவிட்டுப் போனவரையும் நான் மறக்கவில்லை. ஆனாலும், நாங்கள் யாரென்று தெரிந்த பிறகும் ஒருவர் எங்களை விட்டுக்கொடுக்கவில்லை என்பதால்தான், இந்த ஊரை எங்கள் ஊர் என்று இன்னமும் சொல்ல முடிகிறது.