இரும்புப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்

வெள்ளைத் துணியைக் காயப்போடுவதற்கு முன்னால் வானத்தை ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம். நாவலூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறேன். எதிரே கட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அந்தக் கட்டடங்களின் தூசியைத் தவிர இங்கே மேலேயிருந்து எதுவும் விழுவதில்லை. ஆனாலும் பார்ப்பேன். விட்டுத் தொலைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே பாதி வயது போய்விட்டது.

நான் வளர்ந்தது செங்கல்பட்டில், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஓர் இரும்பு வார்ப்பாலையின் பின்புறத்து லைன் வீடுகளில். ஊரில் எத்தனையோ கம்பெனிகள் இருந்தாலும் எங்களுக்கு அது ஒன்றுதான் கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. ரயில் நிலையத்து பெஞ்சுக் கால்கள், தெருவிளக்குக் கம்பங்கள், கிணற்று உருளைகள் என்று வார்த்துத் தள்ளிய காலம் ஒன்று அதற்கு இருந்ததாம். அப்பாவின் தாத்தா வேடந்தாங்கல் பக்கம் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் இங்கே கரி அள்ள வந்து அப்படியே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்து ஆண்கள் மழையைப் பற்றிக் கவலைப்படவில்லை, உலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். கம்பெனி மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலம் அது. அம்மாவை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அப்பாவின் சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருந்ததை அம்மாவின் அப்பா கவனித்திருக்கிறார். பெட்டியில் வைத்து எடுத்ததில் பூச்சி அரித்திருக்கும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாராம்.

பூச்சி இல்லை, நெருப்பு. அப்பாதான் உலை வாயைத் திறக்கிறவர். நீளக் கம்பியால் களிமண் அடைப்பைக் குத்தித் திறந்தால் இரும்பு கஞ்சி மாதிரி ஓடிவரும். வேண்டிய அளவு வந்ததும் மறுபடி களிமண் உருண்டையால் அடைக்க வேண்டும். அடைக்கும்போதுதான் பொறி தெறிக்கும். அப்பாவின் இரண்டு முழங்காலுக்கும் கீழே எண்ண முடியாத அளவுக்குத் தழும்புகள் இருந்தன. சின்ன வயதில் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு நான் அவற்றை எண்ண முயன்றிருக்கிறேன். ஐம்பதுக்கு மேல் ஒருமுறையும் போனதில்லை, அப்பா தூங்கிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்.

உலையை வாரத்தில் இரண்டு நாள் மூட்டுவார்கள், திங்களும் வியாழனும். மூட்டுவதற்கு முன் வாசல் பிள்ளையாருக்கு அப்பா ஒரு சிதறு தேங்காய் உடைப்பார். அந்தப் பிள்ளையார் கல் பிள்ளையார் இல்லை. யாரோ ஒரு காலத்துத் தொழிலாளிகள் மிஞ்சிய இரும்பில் தாங்களே வார்த்து வைத்தது. தும்பிக்கை ஒரு பக்கம் சரியாக வராமல் தட்டையாகப் போய்விட்டது. எண்ணெயும் புகையும் ஏறிக் கரேலென்று உட்கார்ந்திருப்பார். தேங்காய்ச் சில் பொறுக்க லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவோம். அதோடு சந்தோஷம் முடிந்தது. மத்தியானத்திலிருந்து புகைபோக்கி கரித்துணுக்கைத் துப்ப ஆரம்பிக்கும். தட்டினால் போய்விடும், தெரியாமல் தேய்த்துவிட்டால் அப்பிக்கொள்ளும். அம்மா துவைக்கும் நாள், வடாம் பிழியும் நாள், மிளகாய் காயவைக்கும் நாள் எல்லாமே உலையைப் பார்த்துத்தான் நடக்கும்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். பெண்கள் பள்ளி, வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. என்னிடம் இருந்தது இரண்டே சட்டைகள். காலை வழிபாட்டுக்கு முன் ஒரு டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். என்னிடம் வந்ததும் நின்று, தோள்பட்டையில் இரண்டு விரலை வைத்துத் திருப்பிக் காட்டுவார். முதுகில் எப்போதும் ஏழெட்டுக் கரும்புள்ளிகள் இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது வரிசைக்கு வெளியே கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்பேன். பிள்ளைகள் எனக்குக் கரிப்பொட்டு என்று பெயர் வைத்தார்கள். இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது, அப்போது செத்துவிடலாம் போல இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பெயரை நாலு பேர் சேர்ந்து தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் போனதும் நேராகப் பிள்ளையாரிடம் போய் நின்றேன். உள்ளே உலை இரைந்துகொண்டிருந்தது. இந்த உலை அணைஞ்சுபோகணும், ஒரேயடியா அணைஞ்சுபோச்சுன்னா உனக்கு ஒரு முழுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த உலைக்கு முன்னால் அப்பா நிற்கிறார் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் உலை அணைந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்பதைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அவர் தவணை முறையில் அருள் செய்தார். முதலில் திங்கட்கிழமை நின்றது. பிறகு வியாழனும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆனது. கைப்பம்பு வாங்குகிறவர்கள் மோட்டார் போட்டுக்கொண்டார்கள், சாக்கடை மூடிகளைக் கோயம்புத்தூரில் மலிவாக வார்க்கிறார்கள், உலைக்குப் போடுகிற கோக் கரி விலை ஏறிவிட்டது, உருளை, குழாய் எல்லாம் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது என்று அப்பா சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு ஒன்றும் காதில் ஏறாது. என் சட்டை வெளுத்துக்கொண்டே வந்தது. டீச்சர் ஒருநாள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அன்றைக்கு நான் பாடிய சத்தத்தில் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

நடுவில் ஒரு விபத்து நடந்தது. ஈரம் காயாத மண் அச்சில் இரும்பை ஊற்றிவிட்டார்கள், வெடித்துச் சிதறியது. எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு கண் போயிற்று, பாதமும் வெந்துபோயிற்று. அப்பா அந்த அண்ணனின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏன் அதை எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா அதை வாங்கி எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்து, அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்பா கூச்சத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த கோடையில் ஒரு காலையில் கம்பெனிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. மறு அறிவிப்பு வரும் வரை என்று அதில் போட்டிருந்தது. அந்த மறு அறிவிப்பு இன்றுவரை வரவில்லை.

தொழிலாளிகள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அப்பா தினமும் வேலைக்குப் போகிற நேரத்துக்கே அந்த ஓட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு, சங்கு ஊதாவிட்டாலும் சங்கு நேரத்துக்கே வருவார். வெள்ளிக்கிழமைதோறும் லைன் வீட்டுப் பெண்கள் சேர்ந்து கம்பெனி திறக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அம்மாவும் போனாள். ஒரு மாதம் கழித்து அம்மா அரிசி வாங்கி வருகிறேன் என்று தன் பிறந்த வீட்டுக்குப் போய், கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தாள். அரிசி இருந்தது, கருவாடு இருந்தது, மூக்குத்தி இல்லை. அந்த இடத்தில் வேப்பங்குச்சியைக் கிள்ளிச் செருகியிருந்தாள். அது அவளுடைய அப்பா போட்ட வெள்ளைக்கல் மூக்குத்தி. லைனில் அப்போது எல்லார் வீட்டு நகையும் அடகுக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. இது என் வேலை. நான் கேட்டேன், அவர் கொடுத்துவிட்டார். சொன்ன தேங்காயை இன்னும் உடைக்கவில்லை. உடைத்தால் வரம் உறுதியாகி உலை ஒருக்காலும் எரியாது. உடைக்காவிட்டால் சாமி கோபத்தில் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டால் உலை எரியும், அதுதானே இப்போது வேண்டும்? ஆனால் கோபம் என் வீட்டில் வேறு எங்காவது விழுந்துவிட்டால்? எதிர்வீட்டு அண்ணன் வாசலில் கட்டுப்போட்ட கண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். இரண்டு வாரம் இதே யோசனையில் சரியாகச் சாப்பிடவில்லை. புதுத்துணி மாதிரி என் வெள்ளைச் சட்டை பளபளத்தது. அதைப் போட்டுக்கொள்ளவே கை கூசியது.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தேன். பிள்ளையாரிடமே போய், அன்றைக்குச் சொன்னது தப்பு, அதை ரத்து செய்துவிடு, இது அபராதத் தேங்காய் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது. வீட்டில் அப்போது ஒரே ஒரு தேங்காய் இருந்தது, அம்மா வெள்ளிக்கிழமைக்காக எடுத்து வைத்தது. பள்ளி விட்டு வந்ததும் அதைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு போனேன். பந்தலில் ஆண்கள் படுத்தும் சாய்ந்தும் இருந்தார்கள். சொல்ல வேண்டியதை இரண்டு முறை மனசுக்குள் சொன்னேன். தேங்காயை ஓங்கிப் போட்டேன். முதல் தடவை உருண்டு ஓடியது. எடுத்து வந்து மறுபடி போட்டேன், சிதறியது. சிதறிய அந்த நொடியில்தான் புத்தியில் உறைத்தது. ஒரு முழுத் தேங்காய் என்றுதானே நான் நேர்ந்திருந்தேன்? இது அபராதமா, பாக்கியா என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? இரும்பு முகம் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பா வந்தார்.

"இன்னா பண்ணிகினு கீற இங்க? தேங்கா ஏது?"

நான் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கக் குனிந்தேன். பந்தலிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "நீ வேற இன்னாத்துக்குய்யா அத மிரட்டிகினு? கம்பெனி தொறக்கணும்னு கொயந்த தேங்கா ஒடைக்குது. நம்மளாண்ட இல்லாத நம்பிக்க அதுங்கிட்ட கீது பாரு."

அப்பா என்னைத் தூக்கினார். பதினோரு வயதுப் பெண்ணை யாரும் தூக்குவதில்லை, அப்பா தூக்கினார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல அது நல்ல சமயம்தான். நான் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அந்தச் சும்மா இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. தேங்காய் எங்கே என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டை, கரிப்பொட்டு, வேண்டுதல், என்னால்தான் கம்பெனி மூடியது, என்னால்தான் உன் மூக்குத்தி போயிற்று என்று ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து என் வாயைப் பொத்தினாள்.

"வாய மூடு. உன்னால ஒண்ணும் ஆவல. இத்த உங்கப்பாவாண்ட சொன்னியோ, தோல உரிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கம்பெனி திறக்கவில்லை. இயந்திரங்களை எடைக்குப் போட்டார்கள், புகைபோக்கியை இடித்தார்கள், பிள்ளையாரை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. அப்பா எத்தனையோ வேலை பார்த்தார், எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் இங்கே நாவலூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு வருஷம் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். முழுக்கால் சட்டை, தொப்பி, பூட்ஸ். தெருவில் எங்கே இரும்பு மூடியைப் பார்த்தாலும் குனிந்து கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு கல் மூக்குத்தி வாங்கிக் கொடுத்தார். அடகில் போனதை மீட்க முடியவில்லை என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். குளிப்பாட்டும்போது கால் தழும்புகள் மங்கிப்போய் இருந்ததாக உறவுக்காரர்கள் சொன்னார்கள்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். சில வாரங்களுக்கு முன் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல ஒரு வெள்ளைச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தேங்காயைப் பற்றிப் பேச்சு வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு சிரித்துக்கொண்டே, உன் மூக்குத்தியை அடகு வைக்கவைத்தவள் நான்தானே என்றேன்.

"அடகு வெச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள் அம்மா. "எதிர்வூட்டுப் புள்ளைக்குக் கண்ணு போச்சே, அன்னிக்கு நேந்துகினேன். உலை நிக்கணும், உங்கப்பா முழுசா வூடு வந்து சேரணும்னு. நின்னுச்சு. கழுக்குன்றம் மலையேறி உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்."

அப்படியானால் கம்பெனி திறக்க வெள்ளிக்கிழமைதோறும் உடைத்த தேங்காய்கள் எதற்கு என்று கேட்டேன். எல்லாரும் உடைத்தார்கள், நானும் உடைத்தேன் என்றாள். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

என் வாயைப் பொத்திய அன்று மாலை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா வேப்பங்குச்சி இருந்த மூக்கை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்து, நான் அவளுக்குச் சுக்கு தட்டிக் கொடுத்தேன்.