பலகைத் தடுப்பில் ஒரு குழந்தை

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டை ஒட்டிப் பலகைத் தடுப்பு வைத்து வெள்ளையடித்திருந்தார்கள். டிராயிங் டீச்சரான எனக்கு அந்த வெறும் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். ஒருநாள் துணிந்து, படம் வரைய அனுமதி கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன்.

கட்டட வேலைத் தடுப்புக்கும் அங்கே விதிகள் இருந்தன. சாமி கூடாது, கட்சி கூடாது, சினிமா கூடாது. காகிதத்தில் வரைந்து காட்டி, அதிகாரியிடமும் காண்டிராக்டரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு எதை மாற்றினாலும் படத்தை அழித்துவிடுவார்கள். கட்டடம் முடிந்தால் தடுப்பையே பிரித்துவிடுவார்கள் என்று தெரிந்தும் இரண்டு வாரம் நடையாய் நடந்தேன். என் கையால் வரைந்த ஒன்றை ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தாயும் குழந்தையுமாக வரைந்தேன். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த சித்தாள் ஒருத்தி, சாரக் கம்பில் தூளி கட்டித் தன் பெண் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் செங்கல் சுமப்பாள். அந்தக் குழந்தையின் முகத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். பாகலூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், படத்துக் குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. சுரண்டிவிட்டு வர்ணம் பூசினேன். மறுநாளும் இருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். அதற்கடுத்த நாள் வேலை தொடங்கும் முன்பே போய் நின்றேன். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து எடுத்துவந்தவள் அந்தச் சித்தாள்தான்.

“என் படத்துல கை வைக்க நீ யாரு?” என்று கத்தினேன்.

அவள் பொட்டை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். “ரெண்டு பேருகிட்ட கையெழுத்து வாங்குனீங்களாமே டீச்சர். பெத்தவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ரோட்டுல போறவங்க கண்ணெல்லாம் எம்புள்ள மேல. நாலு நாளா காய்ச்சலு.”

தூளிக்குள் கை வைத்துப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. கன்னத்தில் அதே கரிப்பொட்டு. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கூசிப்போனேன்.

அன்று காலையே அதிகாரி பார்வையிட வந்தார். கோப்பில் இருந்த படத்தையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொட்டு ஏது?” என்றார்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். “எங்க ஆளுங்க யாராச்சும் வெச்சிருந்தா இன்னிக்கே வேலைய விட்டு நிறுத்திடறேங்க.”

தலையில் செங்கல்லோடு அவள் அசையாமல் நின்றாள். நான் படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொண்டேன்.

“நான்தான் வெச்சேன் சார்.”

“டீச்சரே விதிய மீறலாமா?” என்றார் அதிகாரி. உடனே அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி சுண்ணாம்பு வாளியை அவளிடமே கொடுத்தார். அவள் குழந்தையின் முகத்திலிருந்து தொடங்கினாள். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. இரண்டு முறை அடித்ததும் கண்ணும் மூக்கும் தெரியாமல் போயின.

“போதும்மா, மறைஞ்சிடுச்சு” என்றேன்.

“இன்னொரு வாட்டி அடிச்சிடறேன் டீச்சர்” என்று வெள்ளையடிக்கும் மட்டையை மறுபடி வாளியில் முக்கினாள்.