மூன்றா ஐந்தா என்று கேட்டவர்

செய்தி வந்தபோது மூங்கில்துறைப்பட்டில் ஒரு கைப்பம்பின் அருகே நின்று பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜமால் பாயின் தம்பி போனில் பேசினார். "அண்ணன் போய்ட்டாருங்க மேடம். காலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." பாட்டில் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்று பிடித்து, ஊர்ப்பெயர் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வேலை பார்த்த நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஜமாலுதீன் எனக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தவர். குடும்பத்துக்கு ஊருக்குள் இரும்புக் கடை. கல்லாவில் உட்காராமல் வேதியியல் படிக்கப் போனதில் அவர் அத்தா என்று அழைக்கும் தந்தைக்குக் கடைசிவரை மனத்தாங்கல். பதவியில் மூத்தவள் என்பதால் நான் அவருக்கு மேடம். அவர் எனக்கு பாய்.

வந்த முதல் வாரமே எனக்கு எரிச்சல் மூட்டினார். ஆர்சனிக் இவ்வளவு என்று நான் எழுதி முடித்தால் பின்னால் நின்று, "மூணா, அஞ்சா?" என்பார். நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் இருக்கும்; அவற்றை மூன்று, ஐந்து என்போம். ஐந்து என்பதற்கு மின்சுமை உண்டு, வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். மூன்றுக்குச் சுமை கிடையாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். நஞ்சும் அதிலேதான் அதிகம். மொத்த அளவு தெரிந்தால் போதாதா என்று ஒருநாள் சீறினேன். "தெருவுல நாய் கீதான்னு மட்டும் கேட்டா போதுமா மேடம்? கட்டிப் போட்டிருக்கா, அவுத்து வுட்டிருக்கான்னு கேக்க வேணாமா?" என்றார் சாவதானமாக.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு காலனி, பெயர் வேண்டாம். கூலி வேலைக்குப் போகிறவர்களின் ஊர். ஒரே ஆழ்துளைக் கிணறு. மாதிரி எடுக்க நான் போயிருந்தேன். மோட்டாரைப் போடச் சொன்னபோது அஞ்சலை என்ற பெண் தடுத்தார். "அந்தத் துருத் தண்ணியவா மேடம் புடிக்கப் போறீங்க? நாங்களே தெளிய வச்சித்தான் குடிக்கிறோம். வூட்ல நேத்து புடிச்சது நல்லா தெளிஞ்சி கீது." அந்த ஊரில் விருந்தாளிக்குக் கலங்கல் நீர் தருவது மரியாதைக் குறைவு. வெயிலில் நானும் களைத்திருந்தேன். குடத்திலிருந்தே பாட்டிலை நிரப்பிக்கொண்டு, 'கிணற்று நீர்' என்று எழுதிவிட்டேன்.

தெளிய வைத்தால் துரு அடியில் படியும். படியும்போது ஆர்சனிக்கில் ஒரு பங்கையும் இழுத்துக்கொள்ளும். மீதி காற்றுப் பட்டு மூன்றிலிருந்து ஐந்தாக மாறியிருக்கும். என் அறிக்கை, ஆர்சனிக் சற்றே கூடுதல், அத்தனையும் ஐந்து என்றது. அதை நம்பி, ஐந்தை மட்டும் பிடிக்கும் வடிகட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, வடிகட்டிய நீரைச் சோதித்த பாய் என் மேசைக்கு வந்தார். "ஆர்சனிக் வடிகட்டியத் தாண்டி வருது மேடம். உங்க ரிப்போர்ட்ல இரும்பு இல்லவே இல்லன்னு கீது. அந்த ஊர்க் குடமெல்லாம் செங்கல் நெறத்துல கீதே. இரும்புக் கடைக்காரன் வூட்டுப் புள்ள நானு, எனக்குத் துரு தெரியாதா? தண்ணி எங்க எடுத்தீங்க?"

கிணற்றில்தான் என்று பொய் சொன்னேன். அவர் மறுநாள் பைக்கில் போய், மோட்டார் வாயிலேயே நீரைப் பிடித்து, பிசின் அடைத்த கையடக்கமான குழாய் ஒன்றின் வழியே அங்கேயே செலுத்தினார். ஐந்து என்பது அந்தக் குழாயில் தங்கிவிடும். கடந்து வந்தது மூன்று. துரு படியாதிருக்க அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டு, கறுப்புப் பையில் சுற்றிப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பெரும்பகுதி மூன்றுதான்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் என் வேலைக்கே ஆபத்து என்றும், சத்தமில்லாமல் வடிகட்டியை மட்டும் மாற்றிவிடலாம் என்றும் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "சத்தமில்லாம மாத்த மாசக் கணக்காவும் மேடம். அதுவரைக்கும் அதத்தான குடிச்சிக்கினு இருப்பாங்க? இன்னிக்கே சொல்லணும்." கடிதத்தை அவரே எழுதினார். 'எங்கள் தவறு' என்று எழுதி, தன் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

விசாரணை நடந்தது. இருவருக்கும் ஊதிய உயர்வு நின்றது. மாற்றுத் தண்ணீர் லாரி வரும்வரை பாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வடிகட்டிக்கு முன்னால் குளோரின் சேர்த்தால் மூன்று ஐந்தாகிவிடும் என்று படம் போட்டு விளக்கி, செய்ய வைத்தார்.

வேலை முடிந்தது ஒரு ரமலான் மாதத்தில். காலையில் எடுத்த நீரை நான் கூடத்தில் அளந்தேன். நோன்போடு அவர் ஊரிலேயே காத்திருந்தார். முடிவோடு நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தாளை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். அஞ்சலை குழாயைத் திறந்து சொம்பில் பிடித்துக்கொண்டு, அவர் நோன்பு திறக்கும் நேரம் வரும்வரை நின்றார். ஊரில் ஒருவரும் அதற்குமுன் குடிக்கவில்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, அந்த நீரைக் குடித்து நோன்பு திறந்தார் பாய்.

"தப்பு பண்ணவரே வந்து சரி பண்ணிக் குடுத்தாருப்பா" என்றார் அஞ்சலை, கூடியிருந்தவர்களிடம். கடிதத்தில் முதல் கையெழுத்து பாயுடையது; குடத்து நீர்தான் காரணம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பாய் மறுக்கவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. இத்தனை காலமும் திறக்கவில்லை.

நேற்று அவர் வீட்டு வாசலுக்கு அந்த ஊரே வேனில் வந்திருந்தது. எல்லோரும் அதையே சொல்லி அழுதார்கள். தாங்க முடியாமல் அஞ்சலையின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும்: குடத்து நீரைக் கிணற்று நீர் என்று எழுதியவள் நான். அந்த முதல் அறிக்கையில் ஜமாலுதீனின் கையெழுத்து கிடையாது. 'எங்கள் தவறு' என்பதில் அவர் பங்கு எதுவுமே இல்லை.

பாய், தவறான அறிக்கையைத் திருத்தாமல் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. உங்களைப் பற்றிய ஒன்று திருத்தப்படாமலே கிடந்தது. இதோ, திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி நிம்மதியாக உறங்குங்கள்.