பாதி வழியில் இறங்கிய நாள்

போன புதன்கிழமை நன்னிலத்தில் கும்பகோணம் பஸ் ஏறியவள், பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன். எந்த ஊர் என்றுகூடப் பார்க்கவில்லை.

காரணம்... ஒரே ஒரு ஏர் ஹாரன்!

சிரிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நாய் வந்து நான் விழுந்தேன். ஹெல்மெட் இருந்தது. ரத்தம் இல்லை. ஸ்கேனும் நார்மல். "மூளையில லேசான அடி. மைல்டுதான், போகப் போகச் சரியாயிடும்" என்றார் டாக்டர்.

மைல்டு... யாருக்கு? மிக்ஸி ஓடினால் என் மண்டைக்குள் ஓடுகிறது. பேச்சின் நடுவே 'கரண்டி' என்ற வார்த்தை காணாமல் போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிது பயம். மறுபடி விழுந்துவிட்டால்? காலையில் நான் கண் விழிக்கும்போது, அது எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

அடிபட்ட பிறகு தனியாகக் கிளம்பியது அன்றுதான். ஹாரன் அடித்ததும் நெஞ்சு படபடத்தது. இறங்க வேண்டும் என்று கையைக் காட்டினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போன பிறகு... அடடா, என்ன அமைதி! ரோட்டோரத்துச் சின்ன மதகில் உட்கார்ந்தேன்.

"என்னங்கம்மா, மயக்கமா?"

வாய்க்காலிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் மண்வெட்டி.

"தலையில அடிபட்டுதுங்க. சத்தம் ஒத்துக்கல" என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அடுத்து 'ஐயோ பாவம்' வரும் என்று காத்திருந்தேன்.

"கொஞ்ச நேரம் இருப்பீங்களா? ஒரு ஒத்தாசை பண்ணணும்."

அவருடைய விதைத்த வயல் காய்ந்து கிடக்கிறது. அன்று அவர் முறைத் தண்ணீர். ஆனால் மேலே, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையை ஆகாயத்தாமரை அடைக்கிறது. அங்கேயே நின்று அள்ளிப் போட வேண்டும்.

"தண்ணி அந்தக் கடைசி வரப்பைத் தொட்டதும் ஒரு குரல் குடுங்க, மடையை அடைச்சிடுறேன். இல்லேன்னா பக்கத்து வயல்ல நேத்து விதைச்சதெல்லாம் மிதந்துடும்."

என்னிடமா? கேஸை அணைத்தோமா என்று நாலு முறை போய்ப் பார்க்கிறவளிடமா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் அவசரப்படவில்லை. ஒரு வெடிப்புக்குள் இறங்கி, நிறைந்து, அடுத்த வெடிப்புக்கு வந்தது. மண் 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டது... சின்னச் சின்னக் குமிழிகள். தண்ணீருக்கு முன்னால் இரண்டு கொக்குகள், ஊர்வலம் நடத்துவதுபோல் நடந்து வந்தன. அதன் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக, வானமும் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு மேகம் என் கால் வரைக்கும் வந்து நின்றது. எவ்வளவு நேரம்? தெரியாது. நெஞ்சு எப்போது அடங்கியது? அதுவும் தெரியாது.

தண்ணீர் வரப்பைத் தொட்டது.

எழுந்தேன். அந்த வார்த்தை... எதையோ அடைக்கச் சொல்ல வேண்டுமே... எதை? 'மடை' மறந்துபோய்விட்டது! வரப்பு விளிம்பில் தண்ணீர் ததும்புகிறது. ஓடினேன். வழுக்கியது. மூன்று மாதமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. சேற்றில் உட்கார்ந்தபடி, எனக்கிருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"போதும்! போதும்க்கா!"

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. பக்கத்து வயல் விதை அசையவில்லை.

ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கினார். "அடிபட்டுதாங்க?"

தலையைத் தொட்டுப் பார்த்தேன். வலியில்லை. சிரிப்பு வந்தது, அவருக்கும்தான்.

மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் ஒன்றை ஒப்படைத்தவர் இவர் ஒருவர்தான். பயம் இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, தனியாகத்தான் வீடு திரும்பினேன்.

வாசலில் என் கணவர் பதறிப்போனார். "என்ன கோலம் இது? எங்க போயிட்டு வர்றே?"

"வேலைக்கு" என்றேன்.